வாரத்துக்குப் பத்து தேங்காய்

எங்கள் பவர் ஹவுஸில் இப்போது இருக்கும் இளம் பொறியாளர் ஒருவர் போன வாரம் ஃபோன் செய்தார். மெஷின் தயாராக நிற்பதற்கே இப்போது பணம் வருகிறதாம். கேட்ட நேரத்தில் கேட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் அதற்கு மேலும் உண்டாம். கொடுக்காவிட்டால் பிடித்தமாம். யார் யாருக்கு எவ்வளவு தருவது என்று மாநிலத்துக்கு மாநிலம் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம்.

"உங்க காலத்துல ரிசர்வ் எப்பிடிங்க சார் வெச்சிருந்தீங்க? நம்ம ஆண்டு மலருக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்.

பொய் சொல்லி வைத்திருந்தோம். அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

நான் காரமடைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்து மலைக்கு வந்தேன். எங்கள் பவர் ஹவுஸ் பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. நாங்கள் குடியிருந்த காம்ப்பும் ஆபீசும் மேலே. நடுவில் செங்குத்தான சரிவில் தண்டவாளம் போட்டு, இரும்புக் கயிற்றில் ஒரு பெட்டியைக் கட்டி இறக்குவார்கள். அதுதான் வின்ச். முதல் நாள் அதில் இறங்கும்போது வாந்தி எடுத்தேன். பிறகு முப்பத்தைந்து வருஷம் அதிலேயே ஏறி இறங்கினேன். ஹெல்பராகச் சேர்ந்து போர்மேனாக முடித்தேன். நடுவில் கிரீஸ், எண்ணெய், மணிக்கு ஒரு ரீடிங். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ரிசர்வ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாட்டில் உள்ள மெஷின்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. தேர் வடம் பிடிக்கிற மாதிரி. எங்கேயோ ஒரு பெரிய மெஷின் நின்றுபோனால், வடத்தில் ஒரு ஆள் கையை விட்டான் என்று அர்த்தம். தேர் தளரும். மற்றவர்கள் அந்த நொடியே கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டும். அந்தக் கூடுதல் தெம்பைச் செலவழிக்காமல் கையில் வைத்திருப்பதுதான் ரிசர்வ். எங்கள் மெஷின் முப்பத்தைந்து மெகாவாட் கொடுக்கும். இருபதில் ஓட்டுவோம். பதினைந்து கையிருப்பு. வேகம் தளர்ந்தால் கவர்னர் என்ற கருவி தானாகவே நாசிலை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் மூக்கைத் திறந்து தண்ணீரைக் கூட்டும். மனிதன் கை வைக்க வேண்டியதில்லை.

மனிதன் கை வைத்தான். அதுதான் கதை.

கவர்னர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கைச்சக்கரம் உண்டு. லிமிட்டர் என்று பெயர். அதைத் திருகி இருபதில் நிறுத்திவிட்டால் வேகம் எவ்வளவு தளர்ந்தாலும் நாசில் அதற்கு மேல் திறக்காது. மெஷின் சாமி மாதிரி அசையாமல் இருக்கும். திறந்து வைத்தாலோ நாள் முழுக்க நாசில் உள்ளே போகும், வெளியே வரும். எண்ணெய் சூடாகும், பம்ப் விட்டு விட்டு ஓடும், ரீடிங் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது. ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் மூட நேரம் இருக்காது. இத்தனைக்கும் யாராவது ஒரு டீ வாங்கித் தந்தார்களா? ஓடிய யூனிட்டுக்குத்தான் இலாகாவில் மரியாதை. தயாராக நின்றவனை ஒரு பயலும் கேட்டதில்லை.

அதனால் எல்லா பவர் ஹவுஸிலும் லிமிட்டரைப் பூட்டினார்கள். தினமும் காலையில், எந்த மெஷின் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் லோடு சென்டரிலிருந்து ஃபோன் வரும், "ஸ்பேர் எவ்வளவு?" என்று. "பதினஞ்சு" என்போம். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். வடத்தில் கையை வைத்துக்கொண்டு, முக்கி முனகி, இழுக்காமலே நடக்கிற ஆட்களைத் தேரோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆள் நான்தான்.

எங்களுக்குக் கீழே, ஆற்றோட்டத்தில் இன்னொரு பவர் ஹவுஸ். அங்கே போர்மேன் போஜன். படகர். பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், அவனுக்குக் காரட் காடு உண்டு. நான் சேர்ந்த நாளிலேயே வேலையில் சேர்ந்தவன். அதனால் என்னைவிட ஒரு மணி நேரம் மூத்தவன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை வேகம் ரொம்பத் தளர்ந்து, இரண்டு பேருமே தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஆனது. அப்போது போஜன்தான் சொன்னான்: "பழனி, ரெண்டு பேரும் பூட்டி வெச்சா ஒரு நாளைக்கு மாட்டுவோம். ஒரு வாரம் நான் தொறக்கறேன், ஒரு வாரம் நீ தொற."

"சும்மா தொறக்க எனக்கென்ன வேண்டுதலா?"

"சும்மா எதுக்கு? நீ தொறக்கற வாரம் ஒரு மூட்டை காரட் அனுப்பறேன். நான் தொறக்கற வாரம் நீ எனக்குத் தேங்காய் அனுப்பு. எங்கூர்ல காய்க்காத சாமான் அது ஒண்ணுதான்."

பேரம் பேசி வாரத்துக்குப் பத்து தேங்காய் என்று முடிந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முறை மாறும். நான் ஊருக்குப் போய்க் காரமடைத் தேங்காயைக் கொண்டுவந்து வீட்டில் வைப்பேன். சாமான் ஜீப்பில் மூட்டை போகும், மூட்டை வரும். பள்ளத்தில் செல்ஃபோன் சிக்னல் இல்லாததால் எல்லாப் பேச்சும் இலாகா ஃபோனில்தான். லோடு சென்டர்காரர்கள் நாங்கள் தேங்காய் வியாபாரம் செய்கிறோம் என்றே நினைத்தார்கள். ஒருவர், "எனக்கும் ரெண்டு அனுப்புங்க, பொங்கலுக்கு ஆவும்" என்றார். அனுப்பினேன். ஆக, மூன்று வருஷம் எங்கள் இரண்டு பவர் ஹவுஸில் ஒன்றாவது எப்போதும் திறந்திருந்தது. மாநிலத்தில் வேறு எங்கும் அவ்வளவு யோக்கியம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இப்போது எங்கள் செயற்பொறியாளர் குப்புசாமி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வின்ச் ஆப்பரேட்டருக்கும் 'ங்க' போடுவார், மெமோ கொடுக்கும்போதும் 'ங்க' போடுவார். வந்தால் மீட்டர் எதையும் பார்க்க மாட்டார். தோள்பையிலிருந்து சில்வர் டம்ளர் ஒன்றை எடுப்பார். குழாயில் விளிம்பு வரை தண்ணீர் பிடிப்பார். அதைக் கவர்னர் பெட்டி மேல் வைப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். தண்ணீர் எப்படி நடுங்குகிறது என்பதை வைத்து, பேரிங் எப்படி, தண்ணீரில் சுழலும் ரன்னர் எப்படி, போன ஷிஃப்ட்டில் யார் தூங்கினார்கள் என்பதுவரை சொல்வார். ஒரு சொட்டு சிந்தினால், "தண்ணி ஏனுங்க கீழ வருது?" என்று கேட்பார். அவ்வளவுதான். பதில் சொல்லும்வரை நகர மாட்டார். கடைசியில் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைப் பைக்குள் போட்டுக்கொள்வார். திட்டுகிற அதிகாரிகளை நான் சமாளித்திருக்கிறேன். காத்திருக்கிற அதிகாரியை என்ன செய்வது?

எனக்கு ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தது. காரமடையில் வீடு கட்ட ஆரம்பித்து, சுவர் எழும்பி, கூரை போடாமல் நின்றிருந்தது. ஓய்வுப் பணம் வந்தால்தான் கூரை. எங்கள் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. போகிற நேரத்தில் சார்ஜ் மெமோ வந்துவிட்டால் விசாரணை முடியும்வரை பணம் நிற்கும். விசாரணை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டோர்கீப்பர் ஒருவர் ஆறு வருஷம் அலைந்தார். ஆகவே அந்த மூன்று மாதம் நான் பூனை மாதிரி நடந்தேன்.

அந்த வருஷம் தேங்காய் விலை ஏறித் தொலைத்தது. போஜன் முறை வந்தது. மூட்டையைக் கட்டியது என் சம்சாரம் சரோஜா. பத்துக்கு ஆறு போட்டாள். "அவரு தொறக்கற தொறப்புக்கு ஆறு போதுமுங்க. கூரைக்குக் காசு சேக்கற ஊட்டுல தானம் என்ன வேண்டிக் கெடக்குது?" என்றாள். நானும் மூட்டையை அப்படியே ஜீப்பில் ஏற்றினேன்.

திங்கட்கிழமை ஃபோன் வந்தது.

"பழனி, மூட்டைல ஆறுதான் இருக்குது."

"வெல ஏறிப் போச்சப்பா. இந்த ஆறு அந்தப் பத்துக்குச் சமம்."

"என் காரட்டுக்கு மண்டில போன வருசம் இருந்த வெலையா இருக்குது? நான் கொறைச்சனா?"

"அடுத்த தடவ பாத்துக்கலாம் போஜா."

தேங்காய் ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் திரும்ப விழும் சத்தம் ஃபோனில் கேட்டது. பிறகு, "செரி" என்றான்.

அந்தச் 'செரி'யை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் பழகியும் அது என் முட்டாள்தனம்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். தயாராக நிற்பதற்குப் பணம் கொடுக்கிற புதுத் திட்டத்துக்கு எந்த பவர் ஹவுஸ் லாயக்கு என்று பார்க்க வந்தவர்கள். ஒருவர் வின்ச்சில் இறங்கிய அதிர்ச்சியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் மேடம். கண்ணாடி போட்டவர். கேள்வி கேட்பவர். குப்புசாமி சார் வழக்கம்போல டம்ளரை நிரப்பிக் கவர்னர் மேல் வைத்தார்.

"உங்க ஸ்பேர் எவ்வளவு?" என்றார் மேடம்.

"பதினஞ்சு மெகாவாட் மேடம். எப்பக் கேட்டாலும் தருமுங்க."

"கவர்னர் ஃப்ரீயா இருக்கா?"

"பறவை மாதிரி இருக்குதுங்க."

அது போஜன் வாரம். என் லிமிட்டர் இறுகப் பூட்டியிருந்தது. சார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப அமைதியா ஓடுதுங்க" என்றார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும். வேகத்தைக் காட்டுகிற மீட்டரில் ஐம்பது என்று இருந்த எண் இறங்க ஆரம்பித்தது. எங்கேயோ பெரிய மெஷின் ஒன்று நின்றுவிட்டது. இன்னும் இறங்கியது. இரண்டு அதிகாரிகளும் எழுந்து வந்துவிட்டார்கள். அவர்கள் பார்க்க வந்த காட்சியே அதுதான். இப்போது மெஷின் உறும வேண்டும், நாசில் திறக்க வேண்டும், லோடு முள் இருபதிலிருந்து ஏற வேண்டும்.

முள் இருபதில் ஆணி அடித்தது போல் நின்றது. டம்ளர் தண்ணீரில் ஒரு அலைகூட இல்லை.

சார் டம்ளரைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பழனிச்சாமி, மிஷினு தூங்குதுங்களா?"

நான் இரண்டே எட்டில் போய்க் கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருகினேன். நிதானமாகத் திருகியிருக்க வேண்டும். கூரை கண்ணுக்குத் தெரிந்ததில் முழுக்கத் திருகிவிட்டேன். மெஷின் ஒரு குதி குதித்தது. டம்ளர் சரிந்து, மேடம் கையில் வைத்திருந்த தாளின் மேல் கொட்டியது. 'ஸ்பேர் பதினைந்து' என்று அவர் எழுதியிருந்த மை கலைந்து ஓடியது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஊர் ஊராகத் தானாகவே கரண்ட் வெட்டுகிற ஏற்பாடு உண்டு. குன்னூர்ப் பக்கம் பூராவும் போயிற்று.

நான் கீழே ஃபோன் போட்டேன். "போஜா, உன்னுது தொறந்துதானே இருக்குது?"

"பதினொரு மணிக்குப் பூட்டிட்டேன்."

"உன் வாரம்டா."

"பத்து தேங்காய்க்கு ஏழு நாளு. ஆறு தேங்காய்க்கு எத்தனன்னு போட்டுப் பாரு. நாலு நாளும் அஞ்சு மணி நேரமும் வருது. செரியாச் சொன்னா அஞ்சு மணி நேரங்கூட இல்ல. பன்னண்டு நிமிசம் உனக்காவ சும்மா தொறந்து வெச்சேன்."

நானும் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது.

எங்கள் இரண்டு மெஷினும் திறந்திருந்தால் மட்டும் நாடு தப்பியிருக்காது. அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு மாநிலத்தில் ஒவ்வொரு போர்மேனும் பக்கத்து பவர் ஹவுஸ் இழுத்துக்கொள்ளும் என்றுதான் உட்கார்ந்திருந்தான். இப்போது ஏசி அறையில் கோட்டு போட்டுக்கொண்டு, எங்கள் பங்கு குறைவு, உங்கள் பங்கு அதிகம் என்று மாநிலங்கள் மல்லுக்கட்டுகின்றனவே, அவர்களும் இதையேதான் செய்கிறார்கள். தேங்காய் மட்டும்தான் கண்ணில் படுவதில்லை.

சாயங்காலம் வின்ச்சில் ஏறும்போது குப்புசாமி சார் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "திங்கக்கெழம ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க."

வீட்டுக்கு வந்தால் சரோஜா சால்வையைத் தலையோடு சேர்த்துத் தாடைக்குக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யக் குன்னூர் போவதாகச் சொல்லியிருந்தாள். நான் மறந்தே போனேன்.

"என்னாச்சு?"

"வாயத் தொறக்கச் சொல்லி மிஷினை உள்ள உட்டாருங்க. பாதி தோண்டறப்போ கரண்டு போயிருச்சு. டாக்டருட்ட இன்வெர்ட்டர் இருந்துது. பேட்டரி மாத்தி எந்தக் காலமாச்சோ, கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டு நின்னுருச்சு. ஒரு மணி நேரம் வாயத் தொறந்துட்டே கெடந்தனுங்க."

நான் திரும்பி நின்று சட்டையைக் கழற்றினேன். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது போதும்.

"ஏனுங்க, தெனமும் ஸ்பேரு ஸ்பேருன்னு சொல்லுவீங்களே. அது இன்னிக்கு எங்கீங்க போச்சு?"

சொன்னேன். ஆறு தேங்காய், நாலு நாள், ஐந்து மணி நேரம், எல்லாவற்றையும். வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரித்தால் இன்னும் வலித்து, கடைசியில் என்மேல் கோபம் வந்தது.

"பொய் எழுதிக் குடுக்காதீங்க. அந்த மனுசன் டம்ளர வெச்சே கண்டுபுடிச்சுருவாரு. கூரை போனாப் போகுது."

"போனாப் போகுதா?"

"போகக் கூடாதுதான். ஆனா பொய் எழுதுனாச் செவுரும் போயிருமுங்க. நாலு தேங்காய எடுத்தது நாந்தான்னு அதையும் எழுதுங்க."

எழுதினேன். என் தமிழில், சுற்றி வளைக்காமல்: 'மெஷின் பூட்டியிருந்தது. நான்தான் பூட்டினேன். மூன்று வருஷமாக ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பூட்டுகிறேன். பூட்டுகிற வாரத்துக்குத் தேங்காய் கொடுத்துக் கீழே திறந்து வைக்கச் செய்தேன். இந்த வாரம் நான்கு தேங்காய் குறைந்ததால் மேற்படி சம்பவம் நடந்தது.'

திங்கட்கிழமை சார் போஜனையும் வரச் சொல்லியிருந்தார். என் தாளை இரண்டு தடவை படித்தார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். மேஜையில் டம்ளர் இருந்தது.

"பத்துன்னு யாருங்க முடிவு பண்ணுனது?"

"நானுங்க சார், பன்னண்டு கேட்டேன்" என்றான் போஜன். "பழனி எட்டுல நின்னான்."

"காரட்டு எத்தன கிலோங்க?"

"அம்பதுங்க."

"மூணு வருசம் சண்ட சச்சரவு இல்லாம ஓடுச்சுங்களா?"

"வெள்ளிக்கெழம வரைக்குமுங்க" என்றேன்.

சார் டம்ளரை ஒரு விரலால் நகர்த்தி வைத்தார். "சென்னைல இதுக்கு ஒரு கமிட்டி போட்டு இன்னும் வெல முடிவாகலீங்க. நீங்க ஃபோன்லயே முடிச்சுட்டீங்க. குடுத்து வாங்குனதுல தப்பில்லீங்க. பூட்டிட்டா அடுத்தவனுக்குச் சொல்லோணும்னு ஒரு வார்த்த பேசிக்கல பாருங்க. அதுக்குத்தான் குன்னூர் இருண்டுது."

போஜன் தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான். என் சம்சாரத்தின் பல்லைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

சார் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். சார்ஜ் மெமோ. என் பெயர், பதவி, குற்றம், எல்லாம் டைப் அடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தது. தேதி மட்டும் இல்லை.

"இது இங்கயே இருக்கட்டுமுங்க. ரெண்டு எடத்துலயும் லிமிட்டரு தொறந்தே இருக்கோணும். என்னிக்காவது பூட்டியிருந்தா நான் பேனாவ எடுக்கறதுக்கு ஒரு நொடிதானுங்க ஆகும்."

இழுப்பறையை மூடினார். பூட்டவில்லை. அதையும் எனக்குத் தெரிகிற மாதிரியே செய்தார்.

அந்த மூன்று மாதம் நான் வேலை செய்த மாதிரி அதற்கு முன் முப்பத்தைந்து வருஷமும் செய்ததில்லை. தேங்காயும் இல்லை, காரட்டும் இல்லை. எண்ணெய் சூடானால் விசிறி வைத்தேன். சாப்பாட்டுத் தூக்கைக் கவர்னர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டேன். வேகம் தளரும்போதெல்லாம் மெஷின் தானாக மூச்சு வாங்கி ஏறி, தானாக இறங்கியது. சார் வந்து டம்ளர் வைத்தால் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் நடுக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மேடம் மறுபடி ஒரு தரம் வந்தார். இந்தத் தடவை தாளைத் தள்ளி வைத்துக்கொண்டார். எங்கள் இரண்டு பவர் ஹவுஸும் திட்டத்தில் சேர்ந்தன. இப்போது தம்பிகளுக்கு வருகிற பணம் அப்படி வந்ததுதான்.

ஓய்வு நாள் வந்தது. மாலை, சால்வை, மிக்சர், பேச்சு. எல்லாம் முடிந்து ஆள்கள் கலைந்ததும் சார் என்னை உள்ளே கூப்பிட்டார். போஜனும் கூடவே வந்து நின்றான். சார் இழுப்பறையைத் திறந்து மெமோவை எடுத்து என் கையில் கொடுத்தார். தேதி போடுகிற இடம் அப்படியே வெறுமையாக இருந்தது.

"இதை நீங்க உபயோகப்படுத்தவே இல்லீங்களே சார்" என்றேன்.

"இல்லீங்க. ஆனா மூணு மாசமும் தயாரா வெச்சிருந்தேனுங்க. ஒரு நாளுங்கூட வேற எடத்துல மாத்தி வெக்கல, பூட்டல. தயாரா வெச்சிருந்ததுக்குக் கூலி உண்டுங்களா இல்லீங்களா?"

பின்னாலிருந்து போஜன், "பத்து தேங்காயிங்க சார்" என்றான்.

"வாரத்துக்குங்களா?"

"வாரத்துக்குத்தானுங்க" என்றான் அந்தப் பாவி.

சார் டம்ளரை எடுத்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "அவ்வளவு வேண்டாமுங்க. கூரை போட வேண்டிய ஆளு. மொத்தத்துக்கும் பத்து போதும்."

மறுநாள் காலையில் சரோஜாவே சாக்கை விரித்து எண்ணிப் போட்டாள். கன்னம் எப்போதோ வற்றியிருந்தது. பல் மேல் போட்ட புது உறை பளிச்சென்று இருந்தது. பத்தாவது தேங்காயைப் போட்ட பிறகும் கை நிற்கவில்லை. இன்னொன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, அதையும் உள்ளே போட்டாள்.

"பத்துன்னுதான் சொன்னாரு" என்றேன்.

"ஒண்ணு அழுகலா இருந்துட்டா?" என்றாள். சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள். "ஸ்பேரு இருக்கட்டுமுங்க."